வைப்பர் மோட்டரை இரும்புச் சட்டத்தில் பூட்டியதும் முழு வேகத்தில் ஓடுகிறது. ட்ரான்சிஸ்டர் போய்விட்டதா?

திருக்கடலூரான்:

அண்ணைமார், அக்காமாருக்கு வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா திருகோணமலைத் திருக்கடலூரில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கிறார். பெரிய உருளையில் வரும் தங்கூசியை (நைலோன் மீன்பிடி நூல்) 100 மீட்டர், 200 மீட்டர் என்று சின்ன ரீல்களில் சுற்றிக் கொடுப்பது அங்கே தினசரி வேலை. இதுவரை கையால்தான். பின்னேரம் கடலுக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் ஒன்றாக வந்து நின்றால் கை ஓய்ந்துவிடும், மீட்டர்க் கணக்கும் தப்பும். ஒரு மெஷின் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தவன் நான். ஆர்டுயினோவில் (நிரல் எழுதி ஓட்டுகிற சின்னப் போர்டு) சென்சர் வாசிக்க, ரிலே போடத் தெரியும். மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இதுதான் முதல் தடவை.

பழைய வான் ஒன்றிலிருந்து கழற்றிய 12 வோல்ட் வைப்பர் மோட்டர் எடுத்தேன். அதன் தண்டில் சைக்கிளின் முன் பல்சக்கரம் (48 பல்), ரீல் பூட்டும் தண்டில் பின் பல்சக்கரம் (18 பல்), நடுவில் சைக்கிள் செயின். எல்லாவற்றையும் தாங்க ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் வெல்டிங் செய்தாயிற்று. கார் பற்றரி ஒன்று இருக்கிறது. அதன் மைனஸை வாகனத்தில் செய்வதுபோலச் சட்டத்தில் இறுக்கியிருக்கிறேன்.

மோட்டரில் மூன்று வயர் வந்தது. எந்த இரண்டில் பற்றரி கொடுத்தாலும் ஒழுங்காக ஓடவில்லை. கடைசியில் மோட்டர் உடம்பில் இருந்த ஒரு திருகில் வயரை இறுக்கி அதை மைனஸாக எடுத்தேன், அப்போது ஓடியது.

ஆர்டுயினோ ஊனோவின் 9ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிப் 122 ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் பற்றரி மைனஸில், கலெக்டர் மோட்டரின் மைனஸில். மோட்டருக்குக் குறுக்கே 1என்4007 டயோட். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பொட்டென்சோமீட்டர். மேசையில் வைத்துப் பார்த்தபோது வேகம் கூடிக் குறைந்தது, ஆனால் ட்ரான்சிஸ்டரில் விரல் வைக்க முடியாத சூடு. கடைக்காரர் ஐஆர்எஃப் 540 மொஸ்பெட் (இன்னொரு வகை ட்ரான்சிஸ்டர்) கொடுத்தார், போட்டேன். சூடு குறைந்தது, நிற்கவில்லை. அனலாக்ரைட்டில் (0 முதல் 255 வரை வேகம் கொடுக்கிற கட்டளை) 80க்குக் கீழே கொடுத்தால் மோட்டர் ஊளையிடுகிறது, அசையாது.

இதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று மோட்டரைச் சட்டத்தில் பூட்டினேன். பூட்டி பற்றரியைக் கொடுத்த உடனே முழு வேகத்தில் ஓடுகிறது. பொட்டென்சோமீட்டரைத் திருகினால் ஒன்றும் ஆவதில்லை. 9ஆம் பின் வயரைக் கழற்றினாலும் ஓடுகிறது. மொஸ்பெட் எரிந்துவிட்டதா? புதிது வாங்குவதற்கு முன் கேட்கலாம் என்று வந்தேன்.

வாவிக்கரை:

மொஸ்பெட் போனால் பெரும்பாலும் கறண்ட் போய்வருகிற கால்களான டிரெயினும் சோர்ஸும் உள்ளே ஒட்டிவிடும். அப்படி என்றால் கட்டுப்பாட்டுக் காலான கேட்டில் என்ன கொடுத்தாலும் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் சொல்கிற அறிகுறியேதான். கழற்றி மல்டிமீட்டரில் டிரெயின்–சோர்ஸ் பாருங்கள், இரண்டு பக்கமும் பீப் அடித்தால் குப்பைக்குத்தான். 4007 அந்த மோட்டருக்குப் போதாது, அதனாலும் போயிருக்கலாம்.

திருக்கடலூரான்:

பார்த்தேன் அண்ணை, பீப் அடிக்கவில்லை. மாமா பொறுக்காமல் இன்னொன்று வாங்கி வந்தும் விட்டார். அதைப் போட்டும் அதே கதை. விசித்திரம் என்னவென்றால், மோட்டரைக் கழற்றி மேசையில் வைத்தால் திரும்ப ஒழுங்காக வேலை செய்கிறது! பூட்டினால் பைத்தியம் பிடிக்கிறது.

கிண்ணியா_நானா:

தம்பி, எதற்கு இந்தப் பாடு? குமிழைத் திருகி வேகம் மாற்றுகிற ரெடிமேட் மொடியூல் கிடைக்கிறது. நாலு வயர்தான், இரண்டு பற்றரிக்கு, இரண்டு மோட்டருக்கு. கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்றில் காற்றாடிக்கு அதைத்தான் போட்டிருக்கிறேன், ஆர்டுயினோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

திருக்கடலூரான்:

நானா, வேகம் மட்டும் என்றால் அதையே வாங்கியிருப்பேன். 100 மீட்டர் வந்ததும் தானாக நிற்க வேண்டும், நிற்பதற்கு முன் மெதுவாக வேண்டும். அதற்குத்தான் ஆர்டுயினோ.

வைண்டிங்_கடை:

தம்பி, ட்ரான்சிஸ்டரை விடும். அதற்கு வாய் இல்லாதபடியால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுகிறோம். விடை உம்முடைய கேள்விக்குள்ளேயே கிடக்கிறது: “மோட்டர் உடம்பில் இருந்த ஒரு திருகில் வயரை இறுக்கி அதை மைனஸாக எடுத்தேன்.” அந்த வரியை வாசித்ததும் எனக்கு மற்றது ஒன்றும் வாசிக்கத் தேவைப்படவில்லை. இருந்தாலும் வாசித்தேன்.

திருமலை டவுனில் மோட்டர், ஸ்டார்ட்டர், ஓல்டர்னேட்டர் சுற்றுகிற கடை என்னுடையது. வைப்பர் மோட்டர் மழைக் காலம் தொடங்கினால் வரிசையில் வரும், ஒன்பது மாதம் ஓடாமல் கிடந்து திடீரென்று வேலை கேட்டால் அதுவும் என்ன செய்யும். அதைத் திறந்தால் மூன்று கார்பன் (சுழலும் பகுதிக்குக் கறண்ட் கொடுக்கிற கட்டை) இருக்கும். ஒன்று பொது. மற்ற இரண்டில் எதிரே நிற்பது சாதாரண வேகத்துக்கு, சற்று விலகி நிற்பது கூடிய வேகத்துக்கு. பல வாகனங்களில் அந்தப் பொதுக் கார்பனை உள்ளேயே மோட்டர் உடம்போடு சேர்த்துவிடுவார்கள். வாகனத்தின் உடம்பு முழுக்க மைனஸ்தானே, ஒரு வயர் மிச்சம். உம்முடைய மோட்டர் அந்த ரகம். வெளியே வந்த மூன்று வயரில் இரண்டு வேகத்துக்கு, மூன்றாவது வைப்பர் கை கண்ணாடியின் அடியில் போய்ப் படுப்பதற்கான பார்க்கிங் சுவிட்சுக்கு.

இப்போது கறண்ட் எப்படித் திரும்பி வருகிறது என்று பாரும். மேசையில்: பற்றரி பிளஸ், மோட்டர், மோட்டர் உடம்பு, நீர் இறுக்கிய வயர், மொஸ்பெட், பற்றரி மைனஸ். வேறு வழியே இல்லை, அதனால் மொஸ்பெட் சொன்னபடி கேட்டது. சட்டத்தில் பூட்டியதும்: பற்றரி பிளஸ், மோட்டர், மோட்டர் உடம்பு, பூட்டிய நட், சட்டம், பற்றரி மைனஸ். மொஸ்பெட் இருக்கிற பக்கமே கறண்ட் போகவில்லை. சந்தேகம் என்றால் மொஸ்பெட்டை முழுசாகக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பற்றரியைக் கொடும். மோட்டர் ஓடும்.

நானா சொன்ன மொடியூலை வாங்கியிருந்தாலும் இதே கதைதான். அந்த மலிவு மொடியூல்களில் பெரும்பாலானவை மைனஸ் பக்கத்தைத்தான் வெட்டி வெட்டிக் கொடுக்கும்.

சூடு வேறு நோய், அதையும் சொல்லிவிடுகிறேன். டிப் 122 உள்ளே இரண்டு ட்ரான்சிஸ்டர் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. முழுசாகத் திறந்தாலும் 3 அம்பியரில் 2 வோல்ட் வரைக்கும் அதன் மேலேயே விழலாம். மூன்றை இரண்டால் பெருக்கும், 6 வாட். ஹீட்சிங்க் இல்லாத டிப் 122 தாங்குவது 2 வாட். அப்புறம் எப்படி விரல் வைப்பது? போதாக்குறைக்கு 12 வோல்ட்டில் 2 வோல்ட் மோட்டருக்குப் போகாமலே போய்விடுகிறது.

ஐஆர்எஃப் 540 நல்ல சாமான், ஆனால் 5 வோல்ட்டுக்குச் செய்தது இல்லை. அதன் விவரத் தாளில் 2 முதல் 4 வோல்ட்டில் திறக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து எல்லோரும் வாங்குகிறார்கள். அது கண் விழிக்கிற வோல்ட், எழும்பி வேலைக்குப் போகிற வோல்ட் இல்லை. அந்த 2–4 வோல்ட்டில் மில்லி அம்பியரில் கால்வாசிதான் போகும். 540என் தாளில் 44 மில்லி ஓம் என்று பெருமையாகப் போட்டிருக்கிறதே, அது கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால். ஆர்டுயினோ பின் தருவது 5. பாதி திறந்த மொஸ்பெட் ரெசிஸ்டர் மாதிரி நின்று சூடாகும். 5 வோல்ட்டில் நேரடியாக ஓட்ட வேண்டும் என்றால் பெயரில் “ஐஆர்” என்பதற்கு அடுத்து “எஃப்” இருக்கிற இடத்தில் “எல்” இருக்கிற ரகம் வேண்டும், ஐஆர்எல்இசட் 44என் மாதிரி.

ஆனால் உமக்கு அதுவும் இப்போது சரிவராது. மோட்டர் உடம்புப் பிரச்சினையை முதலில் தீரும்.

வாவிக்கரை:

அடடா, அந்தத் திருகு வரியை நான் கவனிக்கவே இல்லை. அப்படியென்றால் மோட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் சைக்கிள் டியூப் வெட்டி வைத்து, நட்டுக்குப் பிளாஸ்டிக் புஷ் போட்டால் போதுமே?

திருக்கடலூரான்:

வைண்டிங் அண்ணை சொன்னது சரி! மொஸ்பெட்டைக் கழற்றிவிட்டுக் கொடுத்தேன், ஓடுகிறது. மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வாவிக்கரை அண்ணை சொன்னபடி டியூப் ரப்பர் வைத்து, நட்டுகளுக்குப் பேனாக் குழாய் வெட்டி மாட்டிப் பூட்டினேன். செயின் போடாமல் பார்த்தபோது வேகம் கேட்டது. செயினைப் போட்டதும் திரும்ப முழு வேகம். அதுவும் விட்டு விட்டு, குலுங்கிக் குலுங்கி.

வைண்டிங்_கடை:

செயின் என்ன தென்னை நாரா, தம்பி? அதுவும் இரும்பு. மோட்டர் உடம்பு, பல்லு, தண்டு, சைக்கிள் சக்கரம், செயின், பின் சக்கரம், ரீல் தண்டு, பெயாரிங், சட்டம். வழி நீளம், ஆனால் வழி வழிதான். விட்டு விட்டு ஓடுவது ஏனென்றால் செயினில் உள்ள எண்ணெயும் பெயாரிங்கில் உள்ள கிறீஸும் இடைக்கிடை மறிக்கிறது. பெயாரிங் வழியாகக் கறண்ட் ஓடவிட்டால் குண்டுகள் பொறிந்து சீக்கிரம் சத்தம் போடத் தொடங்கும், அதனால் அப்படியே விட்டுவிடாதேயும்.

பற்றரி மைனஸைச் சட்டத்திலிருந்து கழற்றிவிடலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். செய்யலாம். அப்போது சட்டம் முழுவதும் மோட்டரின் மைனஸோடு சேர்ந்து 0க்கும் 12க்கும் இடையில் துடித்துக்கொண்டிருக்கும். ஆளுக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஆர்டுயினோவை மடிக்கணினியில் செருகி, யூ.எஸ்.பி வயரின் தகரத் தலை சட்டத்தில் ஒருதரம் முட்டினால் போதும், மோட்டரின் கறண்ட் அந்த மெல்லிய வயர் வழியாகப் போகப் பார்க்கும். எனக்கு அந்த வேலை பிடிக்காது.

வாகனம் எப்படிச் செய்கிறதோ அப்படிச் செய்யும். உடம்பு மைனஸாகவே இருக்கட்டும். ரப்பரை எடுத்துவிட்டு நன்றாக இறுக்கிப் பூட்டும். பிளஸ் பக்கத்தை வெட்டும்.

அதற்கு பி–சானல் மொஸ்பெட் வேண்டும். ஐஆர்எஃப் 4905 கேளும். 55 வோல்ட், 20 மில்லி ஓம், 4 அம்பியர் போனாலும் அரை வாட்டுக்கும் கீழேதான் சூடு. இங்கே கடையில் இல்லாவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும், பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். கூடவே ஒரு சின்ன 2என்2222 ட்ரான்சிஸ்டர்.

இணைப்பு இப்படி. பற்றரி பிளஸிலிருந்து முதலில் 10 அம்பியர் பியூஸ், பற்றரிக்குப் பக்கத்திலேயே. பியூஸிலிருந்து 4905இன் சோர்ஸ். டிரெயினிலிருந்து மோட்டரின் மெதுவேக வயர். மற்ற இரண்டு வயரையும் தனித்தனியாக டேப் சுற்றி மடக்கிவிடும், ஒன்றோடொன்று முட்டக் கூடாது. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 1 கிலோ ஓம். ஒன்றும் நடக்காத நேரத்தில் மொஸ்பெட்டை மூடி வைத்திருப்பது அதுதான். கேட்டிலிருந்து 100 ஓம் வழியாக 2222இன் கலெக்டர், எமிட்டர் மைனஸில். 9ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக 2222இன் பேஸ், பேஸிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம்.

பின் 5 வோல்ட் கொடுத்தால் 2222 திறந்து 4905இன் கேட்டைக் கீழே இழுக்கும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் 11 வோல்ட் அளவில் வித்தியாசம் விழும், மொஸ்பெட் முழுசாகத் திறக்கும். 5 வோல்ட் ஆர்டுயினோ, 10 வோல்ட் கேட்கிற மொஸ்பெட் என்ற பழைய வழக்கும் இதோடு தீர்ந்தது. அந்த 10 கிலோ ஓமைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதேயும். ஆர்டுயினோ எழும்புகிற அந்தக் கொஞ்ச நேரம் பின் அந்தரத்தில் நிற்கும். அப்போது மோட்டர் ஒருதரம் உதறினால் தங்கூசி சிக்குப்படும்.

டயோடின் வெள்ளிக் கோடு உள்ள கால் மோட்டரின் பிளஸ் வயரில், மற்றக் கால் மைனஸில். மொஸ்பெட் மூடுகிற ஒவ்வொரு தடவையும் மோட்டரின் கறண்ட் டயோட் வழியாகச் சுற்றி ஓடும். வேகம் குறைவாக இருக்கும்போது பெரும்பாலான நேரம் டயோடுக்குத்தான் வேலை. 4007 ஒரு அம்பியர்க் குழந்தை, அதுவும் மந்தமானது. 1என்5822 போட்டால் 3 அம்பியர். செலவில்லாமல் வேண்டும் என்றால் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைத் திறந்து ஹீட்சிங்கில் உள்ள மூன்று கால் ஷொட்கி டயோட் ஒன்றைக் கழற்றும். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் கறண்ட் தங்கியிருக்கும், பிளக்கைக் கழற்றிய உடனே கை வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 4905இன் முதுகுத் தகடு டிரெயின். அதைச் சட்டத்தில் நேரே நட் போட்டு இறுக்கினால் மோட்டரின் பிளஸ் வயரைப் பற்றரி மைனஸில் கட்டியதாக ஆகும், பியூஸ் போகும். தனித் தகரத் துண்டில் மாட்டும், இல்லாவிட்டால் மைக்காவும் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைத்துப் பூட்டும்.

கிண்ணியா_நானா:

மாஷா அல்லாஹ். நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உவர்மலை_ரீச்சர்:

வைண்டிங் அண்ணையின் இணைப்பு சரி. ஊளைச் சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன்.

ஊனோவில் 9ஆம் பின்னின் பி.டபிள்யூ.எம் (விட்டு விட்டுக் கொடுத்து வேகம் மாற்றுகிற துடிப்பு) வினாடிக்கு ஏறக்குறைய 490 தடவை திறந்து மூடுகிறது. நீங்கள் கேட்கும் ஊளை அதுதான். இணையத்தில் தேடினால் 31 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள், காதுக்குக் கேட்காது என்று எழுதியிருப்பார்கள். டைமர் 1இன் பிரிப்பு எண்ணை மாற்றினால் அது ஒரு வரியில் ஆகிவிடும். ஆனால் இந்த இணைப்பில் தயவுசெய்து செய்யாதீர்கள். 2222 கேட்டை வேகமாகக் கீழே இழுக்கும், சரி. திரும்ப மேலே தூக்குவது அந்த 1 கிலோ ஓம் மட்டும்தான். 4905 பெரிய மொஸ்பெட், அதன் கேட்டில் நிறையச் சார்ஜ் நிற்கும். அது வடிய பத்து இருபது மைக்ரோ வினாடி போகும். 490 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 2,000 மைக்ரோ வினாடிக்கு மேல், அதில் இருபது கணக்கே இல்லை. 31 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 32 மைக்ரோ வினாடி. மொஸ்பெட் பாதி திறந்தபடியே காலம் கழிக்கும், பழையபடி சூடு. சத்தம் இல்லாமல் வேண்டும் என்றால் கேட்டை வேகமாக ஏற்றி இறக்கத் தனியாக கேட் டிரைவர் போட வேண்டும். கடையில் கடல் சத்தமும் ஆட்டோச் சத்தமும் இருக்கும்போது இது எதற்கு?

உங்களுக்கு எதிர்த்திசைதான் நல்லது. அதே டைமரில் 122 ஹெர்ட்ஸும் எடுக்கலாம். துடிப்பு நீளமாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் கறண்ட் நன்றாக ஏறி இறங்கும், கார்பனின் பிடியையும் பல்லுச் சக்கரத்தின் இறுக்கத்தையும் உதறி மோட்டர் கீழ் வேகத்தில் புறப்படும். 80க்குக் கீழே அசையாத பிரச்சினை கொஞ்சம் குறையும். முழுசாகப் போகாது. அதனால் பொட்டென்சோமீட்டரின் 0 முதல் 1023 வரையை 0–255 ஆக மாற்றாமல், மோட்டர் புறப்படும் எண்ணிலிருந்து 255 வரைக்கும் மாற்றுங்கள். 5ஆம், 6ஆம் பின்களின் டைமரை மட்டும் தொட வேண்டாம், டிலே, மில்லிஸ் போன்ற நேரக் கட்டளைகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

புறப்படும்போது படிப்படியாக ஏற்றுங்கள். 10 மில்லி வினாடிக்கு ஒரு எண் கூட்டினால் அடியிலிருந்து உச்சிக்கு இரண்டரை வினாடி.

மீட்டர் எப்படி எண்ணப் போகிறீர்கள்? ரீல் சுற்றை எண்ணப் போகிறீர்கள் என்றால் இப்போதே நிறுத்துங்கள். தங்கூசி சேரச் சேர ரீலின் சுற்றளவு பெருக்கும், முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒரே நீளம் இல்லை. நடுவில் ஒரு வழிகாட்டிச் சக்கரம் வையுங்கள், சுற்றளவு சரியாக 20 சென்டிமீட்டர். தங்கூசியை அதில் ஒரு முழுச் சுற்றுப் போட்டு எடுத்தால் வழுக்காது. சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம், எதிரே காந்தம் வந்தால் அறிகிற 3144 ஹோல் சென்சர், அது 2ஆம் பின்னுக்கு. 500 எண்ணினால் 100 மீட்டர். 480இல் வேகத்தைக் குறையுங்கள்.

வைண்டிங்_கடை:

ரீச்சர் சொன்ன கணக்கை நான் கையால் தொட்டுத்தான் கண்டுபிடிப்பேன். நிற்கிற விஷயத்தில் தம்பிக்கு ஒரு அதிர்ஷ்டம்: வைப்பர் மோட்டருக்குள்ளே இருப்பது திருகுப் பல்லு. வெளித் தண்டைப் பிடித்து மோட்டரைச் சுழற்ற முடியாது. கறண்டை நிறுத்தினால் அதிகம் இழுபடாமல் நின்றுவிடும். பிரேக் தேவைப்படாது.

மோட்டரின் பிளஸ் வயருக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு 104 செராமிக் கெபாசிட்டர் பற்ற வையும், மோட்டர் வாயிலேயே. கார்பன் பொறியினால் வருகிற குப்பை ஆர்டுயினோவுக்குப் போகாது. ஹோல் சென்சர் இல்லாத காந்தத்தை எண்ணுகிறது என்று பிறகு நீர் இங்கே வந்து நிற்கக் கூடாது. ஆர்டுயினோவின் மைனஸ் வயரை மோட்டர் நட்டில் எடுக்காமல் பற்றரிக் கம்பத்திலேயே தனியாக எடும்.

திருக்கடலூரான்:

எல்லோருக்கும் நன்றி. 4905 கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. வைண்டிங் அண்ணை சொன்னபடி இணைத்தேன், டயோட் பழைய பவர் சப்ளையிலிருந்து எடுத்தது. மோட்டர் சட்டத்தில் இறுகப் பூட்டியிருக்கிறது, செயினும் போட்டாயிற்று, வேகம் சொன்னபடி கேட்கிறது. மொஸ்பெட்டின் தகட்டில் விரலை வைத்துக்கொண்டே ஒரு ரீல் சுற்றிப் பார்த்தேன், இளஞ்சூடுதான். 122 ஹெர்ட்ஸில் மோட்டர் 60க்கே புறப்படுகிறது. ஊளை போய் இப்போது ஆட்டோ எஞ்சின் மாதிரி ஒரு உறுமல்.

ரீல் தண்டு நிமிடத்துக்கு 120 சுற்றுப் போகிறது, 100 மீட்டருக்கு மூன்று நிமிடம் அளவில். மாமா இன்னும் வேகமாக வேண்டும் என்கிறார். மற்ற வயரைக் கொடுத்தால் கூடிய வேகம் வருமா? இன்னொன்று: பெரிய உருளையில் தங்கூசி சிக்கி இறுகினால் மோட்டர் நின்றுவிடும், அப்போது என்ன நடக்கும்?

வைண்டிங்_கடை:

வரும், ஆனால் அந்தக் கார்பனில் இழுவை குறைவு, கறண்ட் கூட. வாகனத்திலும் அது அடைமழைக்குத்தான். மாமாவுக்கு அவசரம் என்றால் பின் சக்கரத்தை 16 பல்லாக மாற்றிக் கொடும், அதுவே போதும்.

சிக்கி நின்றால் வைப்பர் மோட்டர் 20 அம்பியருக்கும் மேலே இழுக்கும். பியூஸ் போகும், ஆனால் உடனே போகாது. அதற்குள் தங்கூசி அறுந்துவிடும் அல்லது ரீல் உடைந்துவிடும். முழு வேகம் கொடுத்து வைத்திருந்தால் செயினும் கழலும். சிக்கை விரல் விட்டு எடுக்கப் பார்க்காதேயும், அந்த மோட்டருக்கு விரல் ஒரு பொருட்டே இல்லை. செயினுக்கு ஒரு மூடி போடும், மற்றதை ரீச்சரிடம் கேளும்.

உவர்மலை_ரீச்சர்:

சென்சர் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே காவலுக்கும் வையுங்கள். கடைசியாகக் காந்தம் வந்த நேரத்தை மில்லிஸில் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டருக்குக் கறண்ட் போய்க்கொண்டிருக்கும்போது 2 வினாடி வரை புதிதாக ஒன்று வராவிட்டால் பி.டபிள்யூ.எம்மை 0 ஆக்கிவிட்டு ஒரு பஸர் அடிக்கட்டும். உங்கள் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு மூன்று சுற்று, கடைசி 4 மீட்டரில் மெதுவாகப் போகும்போதும் ஒன்றேகால் வினாடிக்கு ஒன்று வரும். அதனால் 2 வினாடி தாராளம். தங்கூசி அறுந்துபோனாலும் இதே காவல் நிறுத்திவிடும், வழிகாட்டிச் சக்கரம் சுற்றாதே.

எண்ணும் மாறியை வொலட்டைல் என்று அறிவிக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் இன்டரப்டில் (காந்தம் வந்ததும் ஓடுகிற துண்டு நிரல்) எண்ணுவது நிரலின் மற்றப் பக்கத்துக்குத் தெரியாமலே போகலாம்.

கிண்ணியா_நானா:

தம்பி, முடிந்ததும் சொல்லுங்கள். கிண்ணியாவில் என் சாச்சாவுக்கும் இதே கடைதான். ஒன்று செய்ய என்ன எடுப்பீர்கள்?

திருக்கடலூரான்:

நானா, முதலில் மாமா கடையில் ஒரு மாசம் ஓடட்டும். செலவு பற்றி தனிமடலில் சொல்கிறேன்.

வைண்டிங்_கடை:

திருக்கடலூரில் கடை என்றால் கதவைத் திறந்தால் உப்புக் காற்று. போர்டை இப்படியே வைத்தால் ஈயம் பற்ற வைத்த இடமெல்லாம் பச்சை பிடிக்கும். பெட்டியை மூடும் முன் எடுத்துக்கொண்டு கடைக்கு வாரும், காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் இருக்கிறது, இரண்டு பூச்சுப் பூசித் தருகிறேன். பொட்டென்சோமீட்டருக்குள்ளும் பியூஸ் வாயிலும் படாமல் டேப் ஒட்டிக்கொண்டு வாரும். பற்றரிக் கம்பத்துக்குக் கிறீஸ் பூசும், சட்டத்தில் மைனஸ் இறுக்குகிற இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்கும்.